ஒற்றைக் குழாய் ஷாக் அப்சார்பருடன் 52,000 கிலோமீட்டர்

போன வாரம் காரின் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினேன். அதைக் கேள்விப்பட்ட அலுவலக நண்பர், தன் காரிலும் நான்கையும் மாற்றும் காலம் வந்துவிட்டது என்றும், நான் போட்டிருக்கும் உயர் அழுத்த வாயு நிரப்பிய ஒற்றைக் குழாய் வகையையே வாங்கட்டுமா என்றும் கேட்டார். யோசிக்காமல் ‘வேண்டாம்’ என்றேன். ஏன் என்று கேட்டார். அதற்குப் பதிலாக அரை மணி நேரம் அதன் நல்ல குணங்களையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். மனிதர் குழம்பிப்போய் எழுந்து போனார். அவருக்குத் தர வேண்டிய பதிலை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

காரோடு வந்த ஷாக் அப்சார்பர்கள், குழாய்க்குள் இன்னொரு குழாய் இருக்கும் இரட்டைக் குழாய் வகை. 78,000 கிலோமீட்டர் உழைத்துவிட்டு ஓய்ந்தன. ஒரே நாளில் ஓயவில்லை. நாள்தோறும் ஓட்டுபவனுக்கு இந்தத் தேய்மானம் தெரியவே தெரியாது. கை தானாகவே அதற்கேற்பப் பழகிவிடும். எனக்குக் காட்டிக்கொடுத்தது டயர்தான். பின் டயரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவியபோது மேடும் பள்ளமுமாக அலை அலையாகத் தட்டுப்பட்டது. சக்கரம் சாலையை விட்டுத் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது. அப்போதுதான் நான்கையும் மாற்ற முடிவு செய்து, கொஞ்சம் ஆசைப்பட்டு, ஒற்றைக் குழாய் வகையைத் தேர்ந்தெடுத்தேன். அது நடந்து இரண்டு ஆண்டு எட்டு மாதம் ஆகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையாகவே பெரிது. 90, 100 கிலோமீட்டர் வேகத்தில் பாலத்தின் இணைப்புகளைக் கடக்கும்போது பழைய ஷாக்கில் கார் ஒருமுறை எழும்பி, ஒருமுறை அமர்ந்து, மறுபடியும் லேசாக எழும்பும். புதியதில் ‘தொப்’ என்று ஒரே சத்தம், அத்துடன் சரி. மழை நாளில் ஒருமுறை, முன்னால் போன லாரி சட்டென்று நின்றபோது பிரேக்கை அழுத்திக்கொண்டே பக்கத்துத் தடத்துக்கு ஒதுங்க வேண்டியிருந்தது. காரின் மூக்கு தரையைப் பார்த்துக் குனியவில்லை, பின்பக்கம் அலையவில்லை. ஒதுங்கி நேரானவுடனே கார் அடங்கிவிட்டது. அன்று பின் இருக்கையில் என் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். அந்த ஒரு நொடிக்காக இந்தப் பொருளுக்கு நான் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறேன். இதை மனதார எழுதுகிறேன்.

மேடுபள்ளமான சாலையில் மணிக்கணக்காக ஓட்டினாலும் அது சோர்வதில்லை. சாதாரண வகையில் பிஸ்டன் ஓயாமல் ஏறி இறங்கும்போது எண்ணெய் சூடாகி, வாயுவோடு கலந்து நுரைக்கும். நுரைத்த எண்ணெய்க்கு எதிர்ப்பு குறைவு. இதற்கு மருந்து கண்டவர் த கார்போன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். எண்ணெயையும் வாயுவையும் மிதக்கும் பிஸ்டன் ஒன்றால் பிரித்து, வாயுவை அதிக அழுத்தத்தில் அடைத்துவிட்டார். அந்த ஏற்பாட்டைப் பில்ஸ்டைன் நிறுவனம் 1957இல் மெர்சிடீஸ்-பென்ஸ் கார்களுக்காகத் தொழிற்சாலை அளவில் செய்யத் தொடங்கியது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அடிப்படை மாறவில்லை என்றால் அதில் உள்ள அறிவை மெச்சத்தான் வேண்டும்.

ஆனால் என் கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவது மாதத்துக்கு இரண்டு நாள். மற்ற நாளெல்லாம் 15, 20 கிலோமீட்டர் வேகத்தில், ஒட்டுப்போட்ட சாலையில், ஒரு சந்திலிருந்து இன்னொரு சந்துக்கு. அங்கேதான் எனக்கும் இதற்கும் தீராத வழக்கு.

பழைய ஷாக் இருந்த காலத்தில், கியருக்குப் பக்கத்தில் வைத்த தண்ணீர் பாட்டிலில் தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகத் தளும்பும். புதியதைப் போட்ட மறுநாள் பார்த்தேன். தளும்பல் நின்றிருந்தது. அதற்குப் பதிலாகத் தண்ணீரின் மேற்பரப்பு முழுக்கப் பொடிப்பொடியாக நடுங்கியது, கொதிக்கப் போகும் நீரைப் போல. அந்த நடுக்கம் இருக்கைக்கு வருகிறது, ஸ்டியரிங்குக்கு வருகிறது, கதவில் செருகிய சாவிக்கொத்துக்கும் வருகிறது. பெரிய பள்ளத்தை விழுங்கிவிடுகிற இந்த ஷாக், ஒரு விரல் கனமுள்ள ஒட்டைக்கூட விடாமல் எண்ணிச் சொல்கிறது.

ஏன் என்று புரிந்துகொள்ளப் பல நாள் ஆயிற்று. ஒற்றைக் குழாயில் வாயுவின் அழுத்தம் 20 முதல் 30 பார் வரை இருக்கும் (நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார்). இரட்டைக் குழாயில் பெரும்பாலும் ஒற்றை இலக்கம்தான். அவ்வளவு அழுத்தத்தை அடக்க வேண்டுமானால், பிஸ்டனோடு சேர்ந்து ஏறி இறங்கும் ராட் என்ற கம்பியை, குழாயின் வாயை அடைத்திருக்கும் சீல் என்ற வளையம் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பிடியை மீறி ராட் நகரத் தொடங்குவதற்கே ஒரு விசை தேவை. சின்ன ஒட்டு தருகிற தள்ளுதல் அதற்குப் போதாது. போதாதபோது ஷாக் அசைவதே இல்லை. இரும்புக் கம்பியைப் போல நின்று அதிர்வை அப்படியே உடலுக்குக் கடத்திவிடுகிறது. என் பின்பக்க ராட்டின் விட்டம் 11 மில்லிமீட்டர். 25 பார் என்று வைத்துக்கொண்டால், வாயு மட்டுமே சுமார் 24 கிலோ விசையோடு அதை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. பொருத்துவதற்கு முன் தரையில் நிறுத்தி இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தேன், தோள் வலித்தது. பொருத்திய பிறகு காரின் பின்பக்கம் முன்பைவிட 6 மில்லிமீட்டர் உயர்ந்து நின்றது.

விற்றவர், ஓட ஓடப் பழகிவிடும் என்றார். முதல் ஆயிரம் கிலோமீட்டரில் ஒரு துளி இளகியது உண்மை. அதற்குப் பிறகு 52,000 வரை ஒன்றும் பழகவில்லை. டயரில் காற்றை 3 பிஎஸ்ஐ குறைத்துப் பார்த்தேன். நடுக்கம் சற்றுக் குறைந்தது, ஸ்டியரிங் கனத்துப்போனது. மறுநாளே பழைய அளவுக்கு ஏற்றிவிட்டேன்.

என்னைவிட இதனால் அவதிப்படுபவர் அம்மா. அவருக்குக் கழுத்து எலும்பில் தேய்மானம். சாலை மோசமாக இருந்தால் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் “மெதுவாகப் போ” என்று சொல்வார்கள் அல்லவா? என் அம்மா சொல்வது வேறு. “கொஞ்சம் வேகமாகத்தான் போயேன்பா, அப்போதுதான் ஆட்டம் குறைகிறது.” அவர் சொல்வது சரிதான். 40ஐத் தாண்டினால் நடுக்கம் அடங்கிவிடும். ஆனால் பள்ளிக்கூட வாசலிலும் சந்தைத் தெருவிலும் 40இல் எப்படிப் போவது? வயதான தாய் வேகமாகப் போகச் சொல்லி மகனைக் கெஞ்சும்படி ஒரு பொருள் நடந்துகொள்வதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது போன வாரத்துப் பழுதுக்கு வருகிறேன். வலது பின் ஷாக்கில் எண்ணெய் இறங்கியிருந்தது. லேசான எண்ணெய்ப் பூச்சு இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. ராட் ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் மெல்லிய படலம் கூடவே வரும். இது அப்படியில்லை. கீழ் முனை வரை வழிந்து, அதன் மேல் புழுதி அப்பி, கறுத்த களிம்பாக நின்றது. கழற்றிப் பார்க்கும்வரை தயாரித்த நிறுவனத்தைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். தூசி உறையை விலக்கியதும் ராட்டைப் பார்த்தேன். ஷாக் ஒரேயடியாக அமுங்கி இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்குச் சற்றுக் கீழே, பளபளப்பான குரோமியப் பூச்சின் மேல், எதிரெதிராக இரண்டு வரிசைப் பல் தடம். குறடு கடித்த தடம்.

முதன்முறை பொருத்தியவர் மேல் நட்டை முறுக்கும்போது ராட்டும் கூடவே சுற்றியிருக்கிறது. ராட்டின் நுனியில் அதைப் பிடித்துக்கொள்வதற்கென்றே சாவி வைக்கும் இடம் செதுக்கியிருக்கிறார்கள். அவர் குறடால் நடுவில் பிடித்துவிட்டார். காரில் ஐந்து பேர் ஏறி வேகத்தடையில் இறங்கும்போதெல்லாம் அந்தத் தடம் சீலுக்குள் போய்ப் போய் அதை அறுத்திருக்கிறது. பொருளின் மேல் பழி போட எனக்கு உரிமை இல்லை. இவ்வளவு காயத்தோடு 52,000 கிலோமீட்டர் தாங்கியதே பெரிய விஷயம். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன்.

கீழ் முனையில் போல்ட்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் புஷ்ஷும் கிழிந்திருந்தது. அதற்கும் காரணம் அன்றைய வேலைதான். ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுதாக முறுக்கிவிட்டால் அந்த நிலையிலேயே ரப்பர் இறுகிவிடும். காரைக் கீழே இறக்கியதும் அது முறுக்கிக்கொண்டே வாழ வேண்டியதுதான். இந்த முறை வேலை செய்த மெக்கானிக் வயதானவர், பேச்சு குறைவு. போல்ட்டைக் கையால் மட்டும் மாட்டிவிட்டு, காரைத் தரையில் இறக்கி, பின்பக்கத்தை நாலைந்து முறை அழுத்திவிட்டு, அதன் பிறகுதான் கீழே படுத்து முறுக்கினார். “வண்டி தன் காலில் நின்ற பிறகுதான் சார் இதை இறுக்க வேண்டும்” என்றார். இரண்டரை ஆண்டுக்கு முன்பே இவரிடம் போயிருக்கக் கூடாதா என்று இருந்தது.

பின்பக்கம் இரண்டுக்கும் அதே வகையையே போட்டேன். முன்பக்கத்தில் இருப்பவை இன்னும் நன்றாக இருக்கின்றன. முன்னே ஒரு வகை, பின்னே ஒரு வகை என்று கலந்து போட மனம் ஒப்பவில்லை. முன்பக்கம் ஓய்ந்ததும் நான்கையும் இரட்டைக் குழாய்க்கு மாற்றிவிடுவேன். வேகமான சின்ன அதிர்வுக்கு மட்டும் இளகிக் கொடுக்கும் தனி வால்வோடு கோனி நிறுவனம் எஃப்எஸ்டி என்று ஒரு வகை செய்திருக்கிறது. என் நோய்க்குச் சரியான மருந்து அதுதான், ஆனால் என் காருக்கு ஏற்றது கிடைக்கவில்லை.

ஷாக் வாங்கப் போகிறவர் ‘எந்த பிராண்ட்’ என்று கேட்பதே தவறான கேள்வி என்று எனக்குப் படுகிறது. காயாபா நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எக்செல்-ஜி என்று விற்பது இரட்டைக் குழாய், கேஸ்-அ-ஜஸ்ட் என்று விற்பது ஒற்றைக் குழாய். பெட்டியின் மேல் ஒரே நிறுவனத்தின் பெயர், உள்ளே இருப்பது இரண்டு வேறு சுபாவம். பெட்டியில் ‘கேஸ்’ என்று போட்டிருப்பதும் எதையும் சொல்லிவிடாது, இரண்டிலும் வாயு உண்டு. குழாய் ஒன்றா இரண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

புதிய ஜோடி போட்ட மறுநாள் அம்மாவைக் கழுத்துப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். வேலை சுத்தமாக நடந்திருந்தது. எண்ணெய் இல்லை, தட்டும் சத்தம் இல்லை, பெரிய வேகத்தடையில் பின்பக்கம் பூனை மாதிரி இறங்கியது. மருத்துவமனைக்கு முன்னால் உள்ள கடைசி இருநூறு அடி கல் பதித்த பாதை. நடந்து போகிற வேகத்தில்தான் ஓட்டினேன். நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அம்மா ஜன்னலுக்கு மேலே இருக்கும் கைப்பிடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அன்று இரவே நண்பருக்குப் பதில் அனுப்பினேன். இரட்டைக் குழாய் வாங்குங்கள், பொருத்தும் நாளில் விடுப்புப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள், ராட்டின் அருகே யார் குறடை எடுத்தாலும் கையைப் பிடித்து நிறுத்துங்கள் என்று.