இங்க்ஸ்கேப்பும் ஏழாவது வரியும்: விளையாட்டு அட்டை வடிவமைத்த அனுபவம்

கட்டண வடிவமைப்பு மென்பொருள் ஒன்றின் ஆண்டுச் சந்தா அண்மையில் குறைந்ததைப் பார்த்துவிட்டு, தக்கலையில் இருக்கும் நண்பர், "மக்கா, நீ இலவச இங்க்ஸ்கேப்பை வைத்துத்தானே இவ்வளவு அட்டையும் போட்டாய், நான் எதற்குக் காசைக் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டார். உடனே பதில் சொல்ல முடியவில்லை. இங்க்ஸ்கேப் என்னும் அந்த வரைகலை மென்பொருளைப் பற்றிக் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகப் பேசுகிறவன் நான்.

நாகர்கோவிலில் மேஜிக்: த கேதரிங் என்னும் அட்டை விளையாட்டை ஆடும் சிறு குழு எங்களுடையது. 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டின் வடிவமைப்பில் வெளிவந்த அந்த ஆட்டத்தின் அட்டைகள் ஐந்து நிறங்களில் வரும்; ஒவ்வொன்றிலும் அதன் பெயரும், அதை இறக்க ஆகும் செலவும், படமும், விதியும் இருக்கும். அதற்கு அதிகாரபூர்வமான தமிழ்ப் பதிப்பு கிடையாது. ஆகவே முப்பந்தல் இசக்கி, சுடலைமாடன், மருந்துவாழ் மலை, மாத்தூர் தொட்டிப்பாலம் என்று நம் மாவட்டத்துக் கதைகளையும் இடங்களையும் வைத்து, எங்கள் வீட்டு ஆட்டத்துக்கு மட்டும் அட்டைக் கட்டு ஒன்றைத் தனியே தயாரித்து வருகிறோம். வரைகிறவர் வேறொருவர், அட்டையாக்குவது என் பொறுப்பு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் கிடைக்கும் அட்டைத் தயாரிப்புக் கருவிகள் சிலவற்றில் 'கொடிமரம்' என்று தட்டினால், கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய், புள்ளி வட்டம் ஒன்றைச் சுமந்துகொண்டு நிற்கும். இங்க்ஸ்கேப் எழுத்துகளைக் கோப்பதற்கு பாங்கோ, ஹார்ஃப்பஸ் என்னும் நிரல் நூலகங்களைப் பயன்படுத்துவதால், எந்த அமைப்பையும் தொடாமலேயே தமிழ் சரியாக விழுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே பல குறைகளை நான் பொறுத்துக்கொண்டேன்.

இரண்டாவது மகிழ்ச்சி, நான் எதிர்பாராதது: குளோன் என்னும் பிணைப்பு நகல். ஐந்து நிறங்களுக்கும் நாங்களே குறிகள் வரைந்தோம். வெள்ளைக்குத் தோவாளைப் பிச்சிப்பூ, நீலத்துக்கு அலை, கறுப்புக்குப் பனை, பச்சைக்கு ரப்பர் இலை, சிவப்புக்குச் சூளை நெருப்பு. பனையின் ஓலைகள் சிறிய அளவில் துடைப்பம் போலத் தெரிகின்றன என்று குழுவில் கேலி எழுந்தபோது, மூலக் குறியில் இரண்டு ஓலைகளை நீக்கினேன். கோப்பில் அந்தக் குறி இருந்த இடமெல்லாம் அந்த நொடியே மாறிவிட்டது. இதற்கு மேல், நெக்ஸ்ட்ஜெனரேட்டர் என்னும் நீட்சியை நிறுவிக்கொண்டால், அட்டைகளின் பெயர், செலவு, விதி, படம் ஆகியவற்றை ஒரு சிஎஸ்வி அட்டவணையில் எழுதிவைத்து, ஒரே வார்ப்புருவிலிருந்து எல்லா அட்டைகளையும் மொத்தமாக வெளியெடுக்கலாம். காசு வாங்காத மென்பொருளிடம் இதற்குமேல் என்ன கேட்பது என்று நான் நெகிழ்ந்து பேசிய நாட்கள் உண்டு.

அந்த நெகிழ்ச்சியைக் குலைத்தது டிலனாய் அட்டை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியாக வந்து, 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் சிக்கி, பின்னர் அதே திருவிதாங்கூர் படைக்குப் பயிற்சியளித்து அதன் தளபதியாகவே உயர்ந்து, 1777-இல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானவருக்கு இதைவிடப் பொருத்தமான விதி அமையாது என்று இன்றும் நம்புகிறேன்: "டிலனாய் மடியும்போது, அவரை எதிராளியின் கட்டுப்பாட்டில் களத்துக்குத் திரும்பக் கொண்டுவரவும். அவரை ஆள்பவரின் மற்ற வீரர்கள் +1/+1 பெறுவர். இந்தக் கைமாற்றம் ஆட்டத்தில் ஒருமுறைதான் நிகழும்." (+1/+1 என்றால் தாக்கும் வலுவும் தாங்கும் வலுவும் ஒவ்வொன்று கூடும்.)

அட்டையின் அளவு 63 மி.மீ. அகலம், 88 மி.மீ. உயரம். அதில் விதிப் பெட்டிக்கு எங்கள் வார்ப்புருவில் கிடைப்பது 53 மி.மீ.க்கு 25 மி.மீ. தமிழில் மேலே இகர, ஈகாரச் சுழிகளும் கீழே உகர, ஊகார வால்களும் இருப்பதால், 8 புள்ளி (பாயின்ட்) எழுத்துக்கு 11 புள்ளி வரி இடைவெளியாவது வேண்டும். அதைக் குறைத்தால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் சுழியும் முட்டிக்கொள்ளும். கணக்குப் போட்டால் ஆறு வரிகள்தான் தேறும், வரிக்கு மூன்று சொற்கள் வந்தால் அதிகம். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை ஆகிய மூன்று எழுத்துருக்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். சொற்கள் சற்று நெருங்கினவே தவிர, ஏழாவது வரிக்கு இடம் பிறக்கவில்லை.

இங்கேதான் என் ஓயாத எரிச்சல். பெட்டிக்கு ஏற்ப எழுத்தைத் தானாகச் சுருக்கிக்கொள்ளும் வசதி இங்க்ஸ்கேப்பில் இல்லை. சட்டகத்துக்குள் அடங்காத எழுத்தை அது காட்டுவதுமில்லை. சட்டகத்தின் கோடு சிவப்பாகும், அவ்வளவுதான். கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வோர் அட்டையாகச் செய்கிறவருக்கு அந்தச் சிவப்பு போதும். அட்டவணையிலிருந்து மொத்தமாக வெளியெடுக்கும்போது அதை யார் பார்ப்பது? டிலனாய் அட்டை, "இந்தக் கைமாற்றம் ஆட்டத்தில்" என்று பாதியில் நின்ற வாக்கியத்துடன் அச்சாகி வந்தது. எங்கள் குழுவில் சட்டம் படித்தவர் ஒருவர் இருக்கிறார்; அச்சில் இல்லாத கட்டுப்பாடு செல்லாது என்று அவர் வாதாட, டிலனாய் அன்று முழுவதும் மடிந்து மடிந்து இரண்டு பக்கத்துக்கும் மாறி மாறிப் பணியாற்றினார். சிரித்தோம் என்பது உண்மை. ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு விதியையும் கண்ணால் எண்ணிச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்பதும், மொத்தமாக வெளியெடுப்பதில் மிச்சமான நேரம் முழுவதும் அதிலேயே போகிறது என்பதும் அதைவிடப் பெரிய உண்மை.

அச்சகத்துக்குப் போகும்போது வேறு தொல்லைகள். நான் பயன்படுத்தும் பதிப்பு திரைக்கான ஆர்ஜிபி வண்ணத்தில்தான் பிடிஎஃப் தருகிறது. அச்சகத்தில் அது நான்கு வண்ணமாக மாறும்போது எழுத்தின் கறுப்பு நான்கு மைகளின் கலவையாகிவிடுகிறது. மைகள் இம்மியளவு விலகினாலும் 'ண'வின் சுழிகள் அடைபடும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்தால் இன்னும் மோசம். யூனிகோடு எழுத்துரு அச்சகக் கணினியில் இல்லாவிட்டால் தமிழ் சிதறக்கூடும் என்பதால், எழுத்துகளைப் பாதைகளாக, அதாவது வெறும் வரைவடிவங்களாக, மாற்றித்தான் கொடுக்க வேண்டும். மாற்றிய பின் அதில் ஓர் ஒற்றைக்கூடத் திருத்த முடியாது. மூலக் கோப்பைத் தனியே வைத்துக்கொள்வது கட்டாயம். ஓரம் வெட்டுவதற்கு ஒவ்வோர் அட்டையைச் சுற்றியும் 3 மி.மீ. கூடுதல் விட்டால், 12-க்கு 18 அங்குலத் தாளில் 18 அட்டைகள் அடங்கும். ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் செய்ய வேண்டாம். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் ஊரில் மறுபக்கத் தாள் ஈரத்தை இழுத்து, அட்டை வில்லாக வளைந்துவிடும்.

தமிழை இவ்வளவு ஒழுங்காகக் காட்டும் மென்பொருள், ஒரு பைசாவும் வாங்காமல், பழைய கணினியிலும் ஓடுகிறது என்று இத்தனை சொன்ன பிறகும், தக்கலை நண்பருக்கு நான் அனுப்பிய பதில், "சந்தாவைக் கட்டிவிடு" என்பதுதான். சோதனைக் காலத்திலேயே 'கொ', 'ணை', 'ஸ்ரீ' மூன்றையும் தட்டிப் பார்க்கவும், தமிழ் உடைந்தால் அமைப்புகளில் இந்திய மொழிகளுக்கான எழுத்தமைப்பு விருப்பத்தைத் தேடவும் சொல்லியிருக்கிறேன். நான் மட்டும் அடுத்த அட்டைக் கட்டையும் இங்க்ஸ்கேப்பிலேயே தொடங்கியிருக்கிறேன். டிலனாயின் விதி இப்போது ஆறு வரிக்குள் அடங்கிவிட்டது. அதற்காக +1/+1 போய்விட்டது என்பதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது.