கோப்ரா கடிதத்தை டிராயரில் போடாதீர்கள்

அமெரிக்காவில் 60 வயதைத் தொடும் நேரத்தில் வேலை போனவர்கள், போய்விடுமோ என்று பயந்துகொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். நான் ஏமாந்த கதைதான். வெட்கம் பார்த்து என்ன ஆகப்போகிறது?

மார்ச்சில் லேஆஃப். எனக்கு 62, மனைவிக்கு 59. 65 வயதில் வரும் அரசு இன்சூரன்ஸான மெடிகேர் கிடைக்க எனக்கே இன்னும் மூன்று வருஷம். கம்பெனி இன்சூரன்ஸ் மார்ச் 31ஆம் தேதியோடு முடிந்தது. ஏப்ரல் 10 தேதியிட்டு, கோப்ரா (COBRA) என்ற சட்டத்தின்படி ஒரு கடிதம் வந்தது. பழைய இன்சூரன்ஸையே 18 மாதம் வரை தொடரலாம். ஆனால் இதுவரை கம்பெனி கட்டிவந்த பங்கையும் நாமே கட்ட வேண்டும், அதற்கு மேல் நிர்வாகச் செலவு என்று 2 சதவீதம். இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் 1,900 டாலர். பேரே பாம்புதானே என்று சிரித்துவிட்டு டிராயரில் போட்டேன்.

அன்று இரவே ஒரு இணையதளத்தில் வயது, போன் நம்பர் எல்லாம் கொடுத்தேன். அரசுத் தளம் போலவே வேஷம் போட்டிருந்தது. பட்டனை அழுத்திய கையை எடுப்பதற்குள் போன் அடித்தது. மறுநாள் மதியத்துக்குள் இருபது அழைப்பாவது வந்திருக்கும். அதில் ஒருவர் மட்டும் நிதானமாகப் பேசினார். மாதம் 430 டாலர், எந்த டாக்டரிடமும் போகலாம் என்றார். மனைவிக்குச் சர்க்கரை இருப்பதைச் சொன்னேன், அதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை என்றார். கடைசியாக, “இப்போது ஒரு ரெக்கார்டிங் ஓடும், சட்டத்துக்காக. எது கேட்டாலும் ‘யெஸ்’ மட்டும் சொல்லுங்கள். நடுவில் கேள்வி கேட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்” என்றார்.

ஒரு பெண் குரல் கடகடவென்று கேட்டுக்கொண்டே போனது. இது முழுமையான மருத்துவக் காப்பீடு அல்ல என்று புரிகிறதா? யெஸ் என்றேன். முப்பது வருஷம் கான்ட்ராக்ட்களை வரி வரியாகப் படித்தே சம்பளம் வாங்கியவன் நான்!

மே 14ஆம் தேதி மனைவிக்குப் பித்தப்பையில் வலி. உடனே ஆபரேஷன், மூன்று நாள் ஆஸ்பத்திரி. கவுன்டரில் இருந்த பெண் எங்கள் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “வேறு கார்டு இருக்கிறதா?” என்று கேட்டார். அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். ஜூன் கடைசியில் கணக்கு வந்தது. புது இன்சூரன்ஸ் தந்தது நாளுக்கு 200 டாலர் வீதம் 600, ஆபரேஷனுக்கு 1,000. ஆஸ்பத்திரி பில்லோ 41,000 டாலர்! என் தலையில் கட்டியது ஃபிக்ஸட் இண்டெம்னிட்டி என்ற சரக்கு. செலவு எவ்வளவு ஆனாலும் குறித்த தொகைக்கு மேல் ஒரு சென்ட் தராது. ஏஜென்டின் நம்பர் உபயோகத்தில் இல்லை.

இதைவிட வயிற்றெரிச்சல் வேறு ஒன்று. கோப்ராவைத் தேர்ந்தெடுக்க 60 நாள் அவகாசம் உண்டு. இன்சூரன்ஸ் முடிந்த நாள், கடிதம் கொடுத்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து எண்ணலாம். எடுத்தால் பழைய இன்சூரன்ஸ் முடிந்த நாளிலிருந்தே செல்லும், விட்ட மாதங்களின் பிரீமியத்தைக் கட்டினால் போதும். அதாவது ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டே அந்தப் படிவத்தை அனுப்பியிருக்கலாம். ஜூன் 9 வரை நேரம் இருந்தது. கையில் இன்னொரு அட்டை இருக்கிறதே என்ற தெம்பில் டிராயரைத் திறக்கவே இல்லை.

அரசின் இன்சூரன்ஸ் தளமான ஹெல்த்கேர் டாட் கவ் (HealthCare.gov) வழியாக வாங்கவும் அதே மாதிரி 60 நாள்தான், இன்சூரன்ஸ் போன நாளிலிருந்து. சர்க்கரையைக் காட்டி அங்கே மறுக்கவோ விலை ஏற்றவோ முடியாது. வருமானத்தைப் பொறுத்து சலுகையும் உண்டு. அந்தக் கெடுவும் மே மாதத்தோடு போச்சு. இந்த மாதிரிச் சரக்கை ரத்து செய்தால் புதிதாகக் கெடு திறக்காது, அப்புறம் வருடாந்திரச் சேர்க்கை தொடங்கும் நவம்பர் 1 வரை காத்திருக்க வேண்டியதுதான். வருமானம் ரொம்பவே குறைந்துவிட்டவர்கள் குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகெய்டுக்கு வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம்.

65 தாண்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. கோப்ரா இருக்கிறதே என்று டாக்டர் செலவுக்கான மெடிகேர் பார்ட் பி-யைத் தள்ளிப்போடாதீர்கள். வேலை முடிந்து 8 மாதத்துக்குள் சேராவிட்டால், தாமதமான ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் பிரீமியத்தில் 10 சதவீதம் கூடும், பெரும்பாலும் ஆயுசுக்கும்.

லாபநோக்கற்ற ஆஸ்பத்திரிகளில் நிதியுதவித் திட்டம் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அதில் விண்ணப்பித்துப் பில்லைப் பாதிக்கும் கீழே இறக்கினோம், மீதியை மாதாமாதம் கட்டிவருகிறேன். மாநில இன்சூரன்ஸ் துறையில் புகார் கொடுத்தேன். அதற்கு அந்த இன்சூரன்ஸ் கம்பெனி பதிலாக அனுப்பியது அந்த ரெக்கார்டிங்கைத்தான். போட்டுக் கேட்டேன். பதினோரு முறை யெஸ் சொல்லியிருக்கிறேன்.