துண்டான விரல்: நேரே ஐஸிலா, பையில் போட்டு ஐஸிலா?

கல்முனையிலோ வாழைச்சேனையிலோ விரல் துண்டானால் முதலில் கைக்குக் கிடைப்பது மீன் பெட்டி ஐஸ்தான்.

நேரே ஐஸில்: தோல் வெளிறி விறைக்கும். உறைந்தால் உயிரணுக்களைப் பனிப்படிகம் கிழித்துவிடும். பிறகு விரலைத் திரும்பப் பொருத்த நுண்ணிய இரத்தக் குழாய்களைத் தைத்தாலும் இரத்தம் ஓடுவது கஷ்டம்.

பையில்: சேலைனில் (மருத்துவ உப்புக் கரைசலில்) நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையில் வையுங்கள். உறையாது. உப்புப் போட்ட ஐஸ் வேண்டவே வேண்டாம், வெப்பம் 0 பாகைக்குக் கீழே போய்விடும்.



திரும்பப் பொருத்தும் வரை தாங்கும் நேரம்: விரலில் தசை இல்லாததால் குளிரில் சுமார் 24 மணித்தியாலம். தசை நிறைந்த கைக்கு 12, குளிரில்லாவிட்டால் 6தான்.

ஐஸ் இருந்தால் பைமுறையே. இல்லாவிட்டால் ஈரத்துணியும் பையும் போதும். ஐஸ் தேடி அலையாமல் இலங்கையின் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள்.