60 மடங்கு ஜூம், 36 மில்லிமீட்டர் வாய்: எண்ணூரில் ஐந்து பனிக்காலம்

கடைக்காரர் எனக்கு முதலில் காட்டியது நிலவின் படத்தைத்தான். திரை முழுக்க நிலவு. பள்ளமும் மேடும் தனித்தனியாகத் தெரிந்தன. "இதே கேமராவைக் கையில் பிடித்து எடுத்தது சார்" என்றார். நான் விழுந்துவிட்டேன். 2021 ஜனவரியில் ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து, பறவைப் படம் எடுக்கவென்று 60 மடங்கு ஜூம் உள்ள அந்த பிரிட்ஜ் கேமராவை (லென்ஸைக் கழற்ற முடியாத, நீள ஜூம் கேமரா) வாங்கிக்கொண்டு தண்டையார்பேட்டைக்குத் திரும்பினேன். அன்றிரவே மொட்டைமாடியில் ஏறி நானும் நிலவை எடுத்தேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் நிலவு என்பது வெயிலில் கிடக்கும் பாறை, அதை எடுக்க ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளியுணர்வு, 100 இருந்தாலே போதும், அது இறகை உதறுவதும் இல்லை, குளிர்காலம் முடிந்து ஊருக்குப் போய்விடுவதும் இல்லை என்பதெல்லாம் புரிய எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

எந்த நிறுவனத்தின் கேமரா என்று சொல்லப் போவதில்லை. 1/2.3 அங்குல சென்சாரும் நீளும் லென்ஸும் கொண்ட இந்த வகையில் எல்லாமே ஒரு தாய்ப் பிள்ளைகள்தான். என்னுடையது 20 முதல் 1200 மில்லிமீட்டர் வரை என்று பெட்டியில் எழுதியிருந்தது; இது லென்ஸின் குவியத் தூரம், எண் கூடக் கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும். நான் ஏங்கியதும் அந்த 1200-க்காகத்தான். எண்ணூர் ஸ்டேஷனில் இறங்கி, கொசஸ்தலையாறு கடலில் சேரும் கழிமுகத்துக்குப் போனால், பறவைகள் எப்போதும் அக்கரைத் திட்டில்தான் இருக்கும். இக்கரையிலிருந்து வெறுங்கண்ணுக்கு அவை உப்புக்கல் சிதறியது போலத் தெரியும்.

முதல் கூழைக்கடாப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. 2021 பிப்ரவரி, காலை 6:45. முழு ஜூம், லென்ஸ் துளை எஃப் 5.9, ஷட்டர் 1/500 நொடி, ஐஎஸ்ஓ 800. கேமராவின் பின்திரையில் பார்த்தபோது துள்ளிக் குதித்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தபோது கழுத்து இறகுகளைக் காணவில்லை. சுண்ணாம்பை மட்டையால் இழுத்துப் பூசிய சுவர் போல ஒரே பரப்பு. இந்தப் பறவைக்குப் புள்ளி அலகுக் கூழைக்கடா என்றே ஒரு பெயர் உண்டு. மேல் அலகின் ஓரம் நெடுகக் கருநீலப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். என் படத்தில் புள்ளிகள் எல்லாம் கரைந்து ஒரு அழுக்குக் கோடாகிவிட்டிருந்தன. கண் மட்டும் கூர்மையாக இருந்தது. ஐஎஸ்ஓ கூடும்போது படத்தில் மணல் தூவியது போல விழும் மணித்துகளை அழிப்பதாக நினைத்துக்கொண்டு கேமரா இறகையும் சேர்த்து அழித்திருக்கிறது என்பதை அப்போது நான் அறியவில்லை. குவியம் தவறிவிட்டது என்று நினைத்து, அடுத்த வாரம் போய் அதே படத்தை இன்னும் நூறு முறை எடுத்தேன்.

பிறகு ஒரு மழை நாளில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 1/2.3 அங்குல சென்சாரின் பரப்பு சுமார் 28 சதுர மில்லிமீட்டர். 36-க்கு 24 மில்லிமீட்டர் அளவுள்ள முழுச்சட்ட சென்சாரின் பரப்பு 864. ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. பெட்டியில் போட்டிருக்கும் 1200 என்பதும் "சமானம்" என்ற சொல்லை ஒட்டிக்கொண்டு வரும் 1200தான்; முழுச்சட்ட கேமராவில் 1200 காட்டும் காட்சிக்குச் சமம் என்று பொருள். லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 215 மில்லிமீட்டர். அதைத் துளை எண்ணான 5.9-ஆல் வகுத்தால் ஒளி நுழையும் வாயின் விட்டம் 36 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஓர் எலுமிச்சம்பழத்தின் அளவு. தூரத்துப் பறவையிலிருந்து எவ்வளவு ஒளி வந்து சேரும், எவ்வளவு நுணுக்கம் பிரியும் என்பதை எழுதிப் போட்ட ஜூம் மடங்கு தீர்மானிப்பதில்லை; இந்த வாய்தான் தீர்மானிக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. பள்ளி இயற்பியலில் விளிம்பு விளைவு என்று படித்தோமே, அதன்படி எஃப் 5.9 துளையில் ஒரு புள்ளி ஒளி சென்சாரில் விழும்போது ஏறத்தாழ 8 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அகல வட்டாகப் பரவுகிறது. என் சென்சாரின் ஒரு பிக்சல் சுமார் 1.26 மைக்ரான். ஒரு புள்ளியைச் சொல்ல ஆறு பிக்சல் அகலம் செலவாகிறது. 18 மெகாபிக்சல் என்று பெருமையாக எழுதியிருப்பதில் பெரும்பங்கு, முழு ஜூமில் வெறும் அலங்காரம். அறுபது மீட்டர் தூரத்தில் இருக்கும் பறவையிடம் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழான விவரம் எதையும் இந்த லென்ஸ் பிரித்துக் காட்டாது. இதற்கு மென்பொருளில் மருந்து இல்லை.

ரெட்டேரிக் கரையில் ஒருநாள் நண்பர் ஒருவர் முழுச்சட்ட கேமராவும் 150-600 மில்லிமீட்டர் லென்ஸுமாக வந்தார். கோரைப் புல்லுக்கு நடுவே ஒரு நீலத் தாழைக்கோழி, இருவருக்கும் ஒரே தூரம். என் சட்டத்தை அது நிறைத்தது. அவருடைய படத்தில் பாதி அளவே இருந்தது. எனக்கு உள்ளூரக் கொஞ்சம் திமிர். வீட்டில் அவருடைய படத்தை வெட்டி என் படத்தின் அளவுக்குப் பெரிதாக்கி அருகருகே வைத்தோம். அவருடையதில் மார்பின் ஊதாவும் பச்சையும் இறகுக்கு இறகு மாறின; சிவந்த கால் விரலில் சேற்றின் பொருக்கு தெரிந்தது. என்னுடையதில் ஊதா நிறப் பறவை ஒன்று இருந்தது. அவர் லென்ஸின் வாய் 95 மில்லிமீட்டர், என்னுடையது 36. பரப்பில் ஏழு மடங்கு. திமிர் போன இடம் தெரியவில்லை. ஆனால் அன்று மாலை அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் சொல்லியாக வேண்டும். லென்ஸ் மட்டுமே இரண்டு கிலோ. என் கேமரா சாப்பாட்டுப் பையில், தயிர்சாத டப்பாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். காலை நேரக் கும்மிடிப்பூண்டி ரயிலில் அதுதான் வசதி. தவிர, துறைமுகமும் அனல்மின் நிலையமும் உள்ள பகுதியில் பீரங்கி போன்ற லென்ஸோடு நின்றால் காவலாளி ஒருவர் விசாரிக்க வந்துவிடுவார். என்னை இதுவரை யாரும் பொருட்படுத்தியதில்லை.

இனி வெளிச்சம். வெயில் நன்றாக ஏறிய பின் ஐஎஸ்ஓ 100-லேயே 1/800 நொடி ஷட்டர் கிடைக்கிறது. அந்த அளவில் இந்தச் சின்ன சென்சார் அழகாகவே வேலை செய்கிறது. 200 வரை குறை சொல்ல மாட்டேன், 400 பரவாயில்லை, 800 அவசரத்துக்கு, 1600 போனால் அது பறவையா பொம்மையா என்று வீட்டில் கேட்கிறார்கள். அப்படியானால் வெயிலில் எடுக்க வேண்டியதுதானே? அங்கேதான் எண்ணூர் கைவிடுகிறது. ஒன்பதரை மணிக்கு மேல் சாம்பல் படிந்த திட்டு சூடேறி, அதன் மேல் காற்று நெளியத் தொடங்குகிறது. கானலைப் பழந்தமிழில் பேய்த்தேர் என்பார்கள். 1200 மில்லிமீட்டரில் பார்த்தால் அந்தப் பெயர் வைத்தவரைக் கும்பிடத் தோன்றும். நெடுங்கால் உள்ளானின் கால்கள் பாம்பாக நெளிகின்றன. பூநாரைக்கு இரண்டு கழுத்து முளைக்கிறது. இதில் என் கேமராவைக் குற்றம் சொல்ல முடியாது. நண்பரின் லென்ஸிலும் அதே கூத்துதான். ஆனால் தூரத்தை ஜூமால் கடக்கலாம் என்று நம்பி வாங்கியவனுக்குத்தான் அடி பலமாக விழுகிறது. ஆகமொத்தம் டிசம்பரில் ஏழேகால் மணிக்கு முன் ஒளி போதாது, ஒன்பதரைக்குப் பின் காற்று விடாது. முழு ஜூமுக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேரம்தான் ஆயுள்.

பறக்கும் பறவையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆலா மீனுக்குத் தலைகீழாகப் பாயும் கணத்தை ஐந்து வருடத்தில் மூன்று முறை பிடித்திருக்கிறேன். மூன்றிலும் ஆலா சட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. மின்னணு வியூஃபைண்டர் காட்டுவது கொஞ்சம் பழைய காட்சி. குவியம் முன்னும் பின்னும் அலைந்து முடிப்பதற்குள் பறவை காட்டுப்பள்ளிப் பக்கம் போயிருக்கும். செம்பருந்து போல நிதானமாக வட்டமிடுவதை 400 மில்லிமீட்டர் அளவில் பிடிக்கலாம், அவ்வளவுதான்.

அமைப்புகளில் நான் வந்து நின்ற இடம் இது. கேமரா தானே திருத்திச் சுருக்கித் தரும் ஜேபெக்கை நம்புவதில்லை, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகவே எடுக்கிறேன். உள்ளே இருக்கும் மணித்துகள் நீக்கத்தையும் கூர்மையையும் மிகக் குறைவில் வைத்தாலும் ஜேபெக் மெழுகுகிறது. ராவை இப்போதைய மணித்துகள் நீக்கும் மென்பொருளில் ஓட்டினால் ஐஎஸ்ஓ 800-ல் எடுத்தது 400-ல் எடுத்தது போலத் தேறுகிறது. அதற்கு மேல் பேராசைப்பட்டு அழுத்தினால், மென்பொருள் தானாகவே இறகு வரையத் தொடங்கிவிடும். ஒருமுறை நீர்க்காகத்துக்கு மீன் செதில் வரைந்து கொடுத்தது. வெள்ளைக் கொக்குக்குப் படத்தில் விழும் ஒளியின் அளவை (எக்ஸ்போஷர்) முக்கால் படி குறைத்தே வைக்கிறேன், இல்லையென்றால் கொக்கு இருந்த இடத்தில் கொக்கு வடிவில் வெட்டிய காகிதம்தான் இருக்கும். அலையாத்திக் கிளைகள் வானத்தை வெட்டும் இடத்தில் கத்தரிப்பூ நிறக் கோடு விழுவதை வீட்டில்தான் துடைக்க வேண்டும். டிஜிட்டல் ஜூமை வாங்கிய அன்றே அணைத்துவிடுங்கள்.

இத்தனை குறை சொல்பவன் ஏன் இன்னும் இதையே சுமக்கிறேன்? பழவேற்காட்டில் ஒருநாள் சேற்றில் வளைந்த அலகோடு ஒரு பறவை நின்றது. பெரிய கோட்டானா சின்னக் கோட்டானா (ஆந்தை இல்லை, சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகள்) என்று இருநோக்கியில் முடிவு செய்ய முடியவில்லை. 1200-ல் ஒரே படம். அழகில்லாத, வெளுத்துப்போன படம்தான். ஆனால் உச்சந்தலையில் வெளிர்க் கோடு ஒன்று நடுவில் ஓடியது தெளிவாகத் தெரிந்தது. சின்னக் கோட்டான். அந்த வேலைக்கு இந்த வகைக் கேமராவை விட்டால் என் சம்பளத்துக்கு வேறு வழி இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பின் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோதும் அப்படித்தான். வானம் மூட்டமாக இருந்தது, ஐஎஸ்ஓ 800-க்குக் கீழே இறங்கவே முடியவில்லை. தூரத்தில் கூழைக்கடாக்கள் மிதந்துகொண்டிருந்தன; வயிற்றுப் பக்கம் கறுப்பாக இருந்தது நிழலா எண்ணெயா என்று ஜேபெக்கில் சொல்ல முடியவில்லை, எல்லாவற்றையும் மெழுகி நிழலாக்கியிருந்தது. ராவைத் திறந்து, மணித்துகளை அப்படியே விட்டுவிட்டுப் பார்த்தேன். இறகுகள் கற்றை கற்றையாக ஒட்டிக்கிடந்தன. நிழல் இறகை ஒட்ட வைக்காது. நான் எடுத்ததிலேயே மோசமான படம் அதுதான், அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

மூன்றாம் வருடம் லென்ஸ் நீளும்போது கரகரவென்று சத்தம் வந்தது. உப்புக் காற்றும் சாம்பல் தூசியும் உள்ள ஊரில், ஒவ்வொரு ஜூமுக்கும் குழாய் வெளியே போய் உள்ளே வருகிறது. வரும்போது ஊரையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வருகிறது. ஒரு பழுதுபார்க்கும் இடத்தில் லென்ஸ் பகுதியையே மாற்ற வேண்டும் என்று கேமரா விலையில் பாதியைச் சொன்னார்கள். ரிச்சி தெருவில் ஒரு சின்னக் கடைக்காரர் திறந்து துடைத்துக் கொடுத்தார். சத்தம் போயிற்று. ஆனால் சென்சாரில் விழுந்த இரண்டு தூசிப் புள்ளிகள் இன்னும் உண்டு. லென்ஸைக் கழற்ற முடியாத கேமராவில் ஊதித் தள்ள வழியில்லை. மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் அடைத்து வைக்கிறேன்.

புதிதாக வாங்க நினைப்பவர்கள் மடங்கைப் பார்க்காமல் வாயைக் கணக்குப் போடுங்கள். 2015-ல் வந்த நிக்கான் பி900-க்கு 83 மடங்கு, 2000 மில்லிமீட்டர். 2017-ல் வந்த சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4-க்கு 25 மடங்கு, 600 மில்லிமீட்டர்தான். ஆனால் உண்மையான குவியத் தூரத்தைத் துளையால் வகுத்துப் பாருங்கள்: இரண்டுக்கும் வாய் 55 மில்லிமீட்டர். ஒரே தூரத்துப் பறவையிலிருந்து இரண்டும் ஒரே அளவு ஒளியைத்தான் வாங்குகின்றன. சோனியில் சென்சார் ஓர் அங்குல வகை, பரப்பில் நான்கு மடங்கு, குவியமும் வேகம்; விலை மட்டும் நம்மைப் போன்றவர்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக் கேட்க வேண்டியது. நிக்கான் பி900-ல் ரா வசதி இல்லை, பின்னால் வந்த பி950-ல் உண்டு. 2018-ன் பி1000 3000 மில்லிமீட்டர் வரை போகிறது, எடை 1.4 கிலோ. அவ்வளவு எடையைச் சுமக்க ஒப்புக்கொண்டால், பிரிட்ஜ் கேமரா வாங்குவதற்கான முதல் காரணமே போய்விடுகிறது என்பது என் எண்ணம்.

என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் கூழைக்கடாப் படம் 300 மில்லிமீட்டரில் எடுத்தது. கரையில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்ததைப் பார்த்த மீனவப் பெரியவர் ஒருவர், "இங்கிருந்து எதற்குத் தம்பி கஷ்டப்படுகிறீர்கள், ஏறுங்கள்" என்று தம் ஃபைபர் படகில் கூட்டிப்போனார். வலையை உதறியதும் பறவைகள் தாமாகவே பக்கத்தில் வந்தன. ஐஎஸ்ஓ 100. அலகின் புள்ளிகளை எண்ணலாம். என் மகள் எண்ணியும் பார்த்தாள், பதினேழில் சலித்துவிட்டது.

இந்தப் பனிக்காலத்துக்கும் இதே கேமராதான். சாப்பாட்டுப் பையை மட்டும் மாற்ற வேண்டும், ஜிப் போய்விட்டது.