வெளிவராத உபுண்டுவைக் கோத்தகிரியில் ஓட்டிப் பார்த்தால்

விண்டோஸுக்குப் பதில் ஓட்டும் இலவச லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் அடுத்த பதிப்பை அது வெளியாவதற்கு முன்னாலேயே இறக்கி ஓட்டலாமா, நம்ம மலை நெட்டுக்கும் கரண்டுக்கும் அது ஒத்துவருமா என்று கடைக்கு வரும் கல்லூரிப் பையன்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பீட்டா, அதாவது வெளியீட்டுக்கு முன்னால் வரும் சோதனைப் பதிப்பு, வந்த பிறகு என்றால் தாராளமாக ஓட்டலாம். அதற்கு முந்தைய டெய்லி பில்டுகள் நமக்கு வேண்டாத வேலை. எதுவானாலும் பிழைப்பு நடக்கிற கணினியில் கூடாது. நான் கோத்தகிரியில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். கடைக் கணினியில் நீண்டகால ஆதரவுள்ள எல்டிஎஸ் பதிப்பு மட்டும்தான், பழைய லேப்டாப் ஒன்றை இந்தச் சோதனைக்கென்றே நேர்ந்துவிட்டிருக்கிறேன்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. உபுண்டு ஏப்ரலிலும் அக்டோபரிலும் வரும். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வருவது எல்டிஎஸ், அதற்கு 5 ஆண்டு ஆதரவு. நடுவில் வருபவற்றுக்கு 9 மாதம்தான். ஒன்று வெளியானதுமே அடுத்ததன் வேலை தொடங்கிவிடும், உபுண்டுவுக்கு அடித்தளமான டெபியனின் அன்ஸ்டேபிள் கிளையிலிருந்து புதுப் பேக்கேஜ்கள் (மென்பொருள் பொதிகள்) வந்து குவியும், தினமும் நிறுவுவதற்கான ஓர் ஐஎஸ்ஓ கோப்பைக் கட்டிப் போடுவார்கள், அதுதான் டெய்லி பில்டு. அப்புறம் புது அம்சங்கள் சேர்ப்பதை நிறுத்துவார்கள், திரைத் தோற்றத்தை மாற்றுவதை நிறுத்துவார்கள், பீட்டா வரும், கடைசியாக இயங்குதளத்தின் கருவான கெர்னலையும் பூட்டுவார்கள். 24.04-ஐ (ஆண்டும் மாதமும்தான் பதிப்பின் எண்) எடுத்துக்கொண்டால் 2024 பிப்ரவரி 29-இல் அம்சங்களுக்குப் பூட்டு, ஏப்ரல் 25-இல் வெளியீடு.

இந்தக் காலண்டரை வகுத்தவர்கள் நீலகிரிப் பக்கம் வந்ததே இல்லை போலும். ஏப்ரல் பதிப்பு கனிந்து வரும்போது இங்கே சீசன், ஊட்டி ரோட்டில் வண்டி நகராது, மொபைல் டேட்டாவும் நகராது. (2024 மே மாதம் இ-பாஸ் வந்தது, கூட்டம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.) அக்டோபர் பதிப்பு வரும்போது வடகிழக்குப் பருவமழை. கூடலூர்க்காரர்கள் ஜூன், ஜூலையிலேயே நனைந்து முடித்திருப்பார்கள், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் எங்களுக்கு அப்போதுதான் ஆட்டம், எங்காவது ஒரு மரம் கம்பியில் சாய்ந்தால் அன்றைக்குக் கரண்ட் அவ்வளவுதான்.

வளர்ச்சிப் பதிப்பில் நாளுக்கு நூறு பேக்கேஜ்கூட அப்டேட் வரும். பாதி நிறுவிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், லேப்டாப் பேட்டரியும் செத்திருந்தால், பேக்கேஜ்கள் அரைகுறையாகக் கிடக்கும். அதிலிருந்து மீளலாம், பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி என்ற கருவியிடம் மிச்சத்தை கன்ஃபிகர் செய்யச் சொல்லி ஒரு கட்டளை கொடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். ஆனால் கெர்னல் பேக்கேஜின் நடுவில் நின்றிருந்தால் வயிறு கலங்கும். அதனால் என் வழக்கம், பேக்கேஜ்களை இறக்கி அப்டேட் செய்யும் ஆப்ட் கட்டளையில் டவுன்லோட்-ஒன்லி என்ற விருப்பத்தைக் கொடுத்து முதலில் எல்லாவற்றையும் இறக்கி மட்டும் வைத்துக்கொள்வது. நெட் இழுத்தடித்தாலும் பரவாயில்லை. கரண்ட் நிலையாக இருக்கும் நேரம் பார்த்து நிறுவிக்கொள்ளலாம், அது சில நிமிட வேலைதான்.

இன்ஸ்டாலர் ஐஎஸ்ஓ இப்போதெல்லாம் 5 ஜிபிக்கு மேல். தினமும் அதை முழுசாக இறக்குவது பைத்தியக்காரத்தனம். இசட்சிங்க் என்று ஒரு கருவி உண்டு, கையில் இருக்கும் பழைய ஐஎஸ்ஓவோடு ஒப்பிட்டு மாறிய துண்டுகளை மட்டும் இறக்கும். உள்ளே இருப்பது சுருக்கப்பட்ட கோப்பு என்பதால் எப்போதும் பெரிதாக மிச்சமாகும் என்று சொல்ல முடியாது, ஆனாலும் இருக்கட்டும். அதைவிட நல்ல செய்தி, 25.10-க்காக 2025 மே முதல் மாதத்துக்கு ஒரு ஐஎஸ்ஓவை ஸ்னாப்ஷாட் என்று போடத் தொடங்கினார்கள். டெய்லிக்கு ஆசைப்படும் மலைக்காரர்களுக்கு அது போதும்.

சரி, உள்ளே எப்படி இருக்கிறது? பீட்டாவுக்கு முன்னால் எப்படி இருக்கும் என்பதற்கு 24.04-இன் மார்ச் மாதம் ஒன்றே போதும். 32 பிட் கட்டமைப்புகளில் நேரத்தைக் குறிக்கும் எண் 2038-இல் நிரம்பிவிடும், அதைச் சரிசெய்ய நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் ஏகப்பட்ட லைப்ரரிகளின் பெயரையே மாற்றினார்கள், பெயருக்குப் பின்னால் ‘டி64’ ஒட்டிக்கொண்டது. மாற்றம் முடியும்வரை எந்தப் பேக்கேஜுக்கு எது வேண்டும் என்ற சார்புகள் எல்லாம் சிக்கிக் கிடந்தன. அந்த மாதிரி நேரத்தில் ஆப்ட்டில் ஃபுல்-அப்கிரேடு (தேவைப்பட்டால் சிலவற்றை நீக்கியும் அப்டேட் செய்வது) கொடுத்தால் திரையில் நீக்கப்படவிருக்கும் பேக்கேஜ்களின் பட்டியல் வரும். அதைக் கடைசி வரிவரை படிக்கவேண்டும். லிப்ரே ஆபீஸ், பிரிண்டர் பேக்கேஜ்கள், அவற்றுக்கு நடுவில் சத்தமில்லாமல் ‘உபுண்டு-டெஸ்க்டாப்’ என்று டெஸ்க்டாப்பை மொத்தமாகக் கட்டிவைக்கும் பேக்கேஜ் ஒன்று உட்கார்ந்திருந்தால் ‘என்’ அடித்துவிட்டு இரண்டு நாள் கழித்து வாருங்கள். தொடரலாமா என்ற கேள்விக்கு அப்படியே எண்டர் தட்டினால் ‘ஆமாம்’ என்றுதான் எடுத்துக்கொள்ளும், டெஸ்க்டாப்பின் பகுதிகளும் போய்விடலாம்.

அதே மார்ச் 29-ஆம் தேதிதான் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளின் விவகாரம் வெடித்தது. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்பவர், எஸ்எஸ்ஹெச் லாகின் (தொலைவிலிருந்து இன்னொரு கணினிக்குள் நுழைவது) வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமாவதைத் துருவிப்போய், எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்கதவு வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார். டெபியன் டெஸ்டிங், ஃபெடோரா ராஹைட் எல்லாம் மாட்டின. மாட்டியவை பெரும்பாலும் வளர்ச்சிப் பதிப்புகள்தான் என்பதைக் கவனியுங்கள். உபுண்டுவில் அது ‘புரபோஸ்டு’ என்ற முன்னறையோடு நின்றிருந்தது, பிரதான கிளைக்கு வரவில்லை. ஆனாலும் பிப்ரவரி 26-க்குப் பிறகு கட்டிய பைனரிகளைத் தூக்கிப்போட்டு மறுபடி கட்டினார்கள், பீட்டா ஒரு வாரம் தள்ளி ஏப்ரல் 11-இல் வந்தது. அந்த முடிவுக்காகவே எனக்கு உபுண்டுக்காரர்கள்மேல் மரியாதை கூடியது. புரபோஸ்டை இயக்கி வைக்காதீர்கள் என்று பையன்களிடம் நான் சொல்வதற்கும் இதுதான் காரணம்.

பீட்டாவுக்குப் பிறகு கதையே வேறு. பென்டிரைவில் போட்டு, நிறுவாமலேயே லைவாக ஓட்டி, வை-ஃபை, ஒலி, மூடித் திறந்தால் எழுகிறதா, பிரிண்டர் என்று பார்த்துவிடலாம். புது லேப்டாப் வாங்கி அதில் எல்டிஎஸ் வை-ஃபையை அடையாளம் காணவில்லை என்று வருபவர்களுக்கு இது உண்மையிலேயே உதவும், ஏனென்றால் 24.10 முதல் வெளியீட்டு நாளுக்கு இருப்பதிலேயே புதிய கெர்னலைக் கொடுப்பது என்று கொள்கையை மாற்றினார்கள். பீட்டாவை நிறுவி அப்டேட் செய்துகொண்டே வந்தால் அதுவே இறுதிப் பதிப்பாகிவிடும், மறுபடி நிறுவ வேண்டாம்.

நான் முக்கியமாகப் பார்ப்பது தமிழ். பிற மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ்ஸில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துவிட்டு ‘கோடநாடு’ என்று ஒரே ஊர்ப் பெயரை எழுதி, லிப்ரே ஆபீஸ், ஃபயர்பாக்ஸ், டெக்ஸ்ட் எடிட்டர் மூன்றிலும் சோதிப்பேன். ஓகாரத்தின் இரண்டு கொம்பும் காலும் இடம் மாறாமல் உட்காருகிறதா, ஒரு பேக்ஸ்பேஸுக்குக் குறி மட்டும் போகிறதா, ககரமும் சேர்ந்து போகிறதா, வேறு ஜன்னலுக்குப் போய்த் திரும்பினால் விசைப்பலகை தமிழிலேயே நிற்கிறதா. 25.10-இல் உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோமில், திரையில் ஜன்னல்களைக் காட்டும் பழைய முறையான எக்ஸ்11 அமர்வை எடுத்துவிட்டு, புதிய முறையான வேலாண்ட் மட்டும் என்றானதால் இந்தச் சோதனைக்கு வேலை கூடியது. இதையெல்லாம் லண்டனில் உபுண்டுவைத் தயாரிக்கும் கனோனிக்கல் நிறுவனத்தில் இருப்பவர் பார்க்கமாட்டார், பார்க்கவும் தெரியாது. 2023 அக்டோபரில் 23.10 வெளியான பிறகுதான் இன்ஸ்டாலரின் உக்ரேனிய மொழிபெயர்ப்பில் யாரோ வெறுப்புப் பேச்சை நுழைத்திருந்தது தெரிந்து ஐஎஸ்ஓவைத் திரும்பப் பெற்றார்கள். இன்ஸ்டாலரைத் தமிழில் வைத்துக் கடைசித் திரைவரை போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?

பீட்டா என்றால் பிழையே இருக்காது என்றும் நினைக்கவேண்டாம். 25.10-இல் அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான வழக்கமான கோர்யூட்டில்ஸுக்குப் பதில் ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதியதைக் கொண்டுவந்தார்கள். அதில் ‘டேட்’ கட்டளைக்கு ஒரு கோப்பைக் காட்டி அது எப்போது மாறியது என்று கேட்டால் இப்போதைய நேரத்தையே சொல்லிக்கொண்டிருந்தது, அதனால் தானாக அப்டேட் தேடுவது சில கணினிகளில் நின்றுபோனது. ஆறு மாத வளர்ச்சிக் காலத்தையும் தாண்டி, வெளியீட்டுக்குப் பிறகுதான் அது சிக்கியது.

உபுண்டுவை அடித்தளமாகக் கொண்ட லினக்ஸ் மின்ட் விரும்பிகளுக்கு இந்த அலைச்சல் இல்லை, எல்டிஎஸ் அடித்தளம், வெளியீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பீட்டா, அவ்வளவுதான். உபுண்டுவிலேயே இறங்குபவர்கள் ஏதாவது சிக்கினால் ‘உபுண்டு-பக்’ கட்டளையோடு பேக்கேஜின் பெயரைக் கொடுங்கள், கணினி விவரங்களை அதுவே திரட்டிக்கொள்ளும், என்ன செய்தபோது என்ன ஆனது என்பதை மட்டும் நீங்கள் ஆங்கிலத்தில் எழுதினால் போதும். அதற்கு உபுண்டுவின் பிழைகளைப் பதியும் தளமான லான்ச்பேடில் கணக்கு ஒன்று வேண்டும், இலவசம்தான்.