அசல் கதைக்கு ஹாலிவுட்டில் பணம்: ஸ்டுடியோவா, ஓடிடியா, முன்விற்பனையா?

நாவல், காமிக்ஸ், முந்தைய பாகம் என்று எதன் தயவும் இல்லாத திரைக்கதைக்கு ஹாலிவுட்டில் பணம் திரட்ட மூன்று வழிகள்தான் பெரும்பாலும் பேசப்படுகின்றன. எங்கள் சிறிய படத்துக்கு நானும் என் தயாரிப்புப் பங்குதாரரும் தேர்ந்தெடுத்தது மூன்றாவதை: நாடுவாரியாக முன்கூட்டியே உரிமை விற்பது. இன்றும் அதன் பக்கமே நிற்கிறேன்.

ஸ்டுடியோவின் பலம் தெரிந்ததே: பணமும் விளம்பரமும் திரையரங்குகளும் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் டிவிடி வருமானம் வற்றிய பிறகு, திரையரங்கில் விட்டதைப் பிடிக்க அவர்களுக்கு முன்போல இரண்டாவது வாய்ப்பு இல்லை. அதனால் பழகிய பெயரைத்தான் தேடுகிறார்கள். 2025-இல் வெளியான 'சின்னர்ஸ்' படத்தின் உரிமை 25 ஆண்டுகளில் தன்னிடம் திரும்ப வேண்டும் என்று அதன் இயக்குநர் ரையன் கூக்ளர் வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவிடம் எழுதி வாங்கினார். 'பிளாக் பாந்தர்' எடுத்தவருக்குக் கிடைத்தது புதியவருக்குக் கிடைக்காது.

ஓடிடி நிறுவனம் படச்செலவை ஏற்று, அதன்மேல் ஒரு தொகையை லாபமாகத் தருகிறது. நிம்மதியான பணம்தான். பதிலுக்கு உலக உரிமை முழுவதும், பெரும்பாலும் நிரந்தரமாக, அவர்களிடம் போய்விடும். படம் எவ்வளவு ஓடினாலும் பெரும்பாலும் கூடுதலாக ஒரு டாலர் வராது.

என்னை முடிவெடுக்க வைத்தது இந்த உரிமைக் கேள்விதான். முன்விற்பனையில் ஜெர்மனிக்கோ ஜப்பானுக்கோ விற்பது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும். கெடு முடிந்ததும் உரிமை தயாரிப்பாளரிடமே திரும்பும். நம்மூர் ஏரியா வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஆனால் பாடு அதிகம். வெளிநாட்டு விநியோகஸ்தர் கையெழுத்திடும்போது தருவது ஒரு சிறு பங்குதான். மீதி, படத்தை ஒப்படைத்த பிறகே. அந்த ஒப்பந்தங்களையும் மாநில வரிச்சலுகையையும் ஈடாக வைத்து வங்கியில் கடன் வாங்க வேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், அங்கே செலவிடும் தொகையில் 20 சதவீதமும், தன் முத்திரையைப் படத்தில் காட்டினால் மேலும் 10 சதவீதமும் தருகிறது. படம் முடிந்தே தீரும் என்று உத்தரவாதம் தரும் நிறுவனத்துக்குத் தனிக் கட்டணம், அதன்மேல் வட்டி. எங்கள் முதன்மை நடிகர் தேதியைத் தள்ளியதும் ஒரு விநியோகஸ்தர் விலகிக்கொண்டார். அவர் ஒப்பந்தத்தை நம்பியிருந்த கடனும் அதே அளவு சுருங்கியது. ஒரு படப்பிடிப்பு இடத்தையே கைவிட்டோம்.

உரிமை கையில் இருந்தால் பணம் வந்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். 'தி புரூட்டலிஸ்ட்' ஒரு கோடி டாலருக்குள் எடுக்கப்பட்டது, ஆஸ்கர்களும் வென்றது. அதன் இயக்குநர் பிராடி கார்பெட் தனக்கு அதில் ஒரு டாலரும் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். எங்கள் ஒப்பந்தங்களின் கெடு இன்னும் முடியவில்லை; இரண்டாம் விற்பனையைப் பற்றி அனுபவத்தில் பேச எனக்கு இன்னும் தகுதியில்லை.

கடன் சுமக்கத் தெம்பில்லாதவர் ஓடிடிக்குப் போவதில் தவறில்லை. கையெழுத்திடும் முன் உரிமை திரும்பும் ஆண்டை எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், அடுத்த பாகத்தின் உரிமையையாவது உங்கள் பெயரில் வைத்துக்கொள்ளப் பேசுங்கள்.