நாய்க்கு டி.என்.ஏ. டெஸ்ட்: கிட் பரவாயில்லை, அந்த 200 ரூபாய் எங்கே போகிறது?

முதலிலேயே மார்க்கைச் சொல்லிவிடுகிறேன், 5க்கு 3. டெஸ்ட்டை மட்டும் பார்த்தால் 4 கொடுக்கலாம். ரிப்போர்ட் எழுதிய லட்சணத்துக்கு 2. பணம் கட்டும் பக்கத்தில் கடைசியாக ஒரு சின்னக் கட்டம் வைத்து, 'மரபணு ஆராய்ச்சிக்கு 200 ரூபாய் நன்கொடை' என்று நாம் கேட்காமலேயே டிக் போட்டு வைத்திருக்கிறார்களே, அதற்கு ஒன்றுமே கொடுக்க முடியாது. கம்பெனி பெயரைப் போடவில்லை. இப்போது பல பேர் இந்த மாதிரி கிட் விற்கிறார்கள், யாரிடம் வாங்கினாலும் கேட்க வேண்டியது இதைத்தான்.

எங்கள் வீடு பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம், தோப்புக்குள். சீசர் ஜெர்மன் ஷெப்பர்ட், ஒன்பது வயது. கொஞ்ச நாளாகவே சிமென்ட் தரையில் அவன் நடந்தால் பின்னங்காலில் இருந்து சரக் சரக்கென்று ஒரு சத்தம். காலைத் தூக்கிப் பார்த்தால் நடுவில் இருக்கும் இரண்டு நகமும் மேல்பக்கமாகத் தேய்ந்து, ஒன்றில் லேசாக ரத்தம்கூடக் கசிந்திருந்தது. அமுக்கினால் கத்தவில்லை, வலியே இல்லை, சாப்பாடும் வழக்கம்போல. ஊர் டாக்டர் முதலில் உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் எடுத்தார் (எங்கள் பக்கம் நாய்க்கு எது வந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள், அதில் தப்பும் இல்லை), அப்புறம் இடுப்புக்கு எக்ஸ்ரே. இரண்டிலும் சொல்லும்படி ஒன்றும் இல்லை என்றதும் மண்ணுத்தி வெட்டினரி காலேஜுக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

அங்கே பார்த்த டாக்டர் கருவி எதையும் எடுக்கவில்லை. சீசரை நிற்க வைத்து, பின்னங்கால் பாதத்தை மடக்கி, புறங்கால் தரையில் படும்படி வைத்துவிட்டுக் கையை எடுத்தார். நல்ல நாய் என்றால் அந்த நொடியே காலைத் திருப்பிச் சரியாக ஊன்றிக்கொள்ளும். இவன் மடங்கிய காலோடு அப்படியே நின்றான், வாலை வேறு ஆட்டிக்கொண்டு. கால் எப்படி இருக்கிறது என்ற சேதியே மூளைக்குப் போய்ச் சேரவில்லை என்றார் டாக்டர். டிஜெனரேட்டிவ் மைலோபதியாக இருக்கலாம், ஆனால் தண்டுவடத்தை டிஸ்க் அமுக்குகிறதா என்று எம்.ஆர்.ஐ. பார்க்காமல் சொல்ல முடியாது, வேண்டுமானால் ஜீன் டெஸ்ட் ஒன்றும் செய்து பாருங்கள் என்றார். எம்.ஆர்.ஐ. விலையைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நான் ஆர்டர் போட்டது இந்த கிட்டை.

இந்த வியாதியைச் சுருக்கமாக டி.எம். என்பார்கள். தண்டுவடத்தில் ஓடும் நரம்பிழைகள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோவது. பெரும்பாலும் எட்டு வயதுக்கு மேல்தான் தெரியவரும், முதலில் பின்னங்கால் தள்ளாடும், மாதங்கள் போகப்போக எழுந்து நிற்க முடியாது, விட்டால் முன்னங்காலுக்கும் வரும். 1973இல் இதை முதலில் எழுதி வைத்தது ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்களைப் பார்த்துத்தான், அதனால் ரொம்ப காலம் ஷெப்பர்ட் வியாதி என்றே பெயர். அப்புறம் பார்த்தால் பாக்ஸர், கார்கி என்று பல இனத்திலும் இருக்கிறது. குணப்படுத்த மருந்து இன்றைக்கும் கிடையாது.

சரி, கிட். ஒரு சின்னப் பெட்டி, உள்ளே பஞ்சு வைத்த இரண்டு குச்சி, ஒரு காகித உறை, பார்கோடு. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டுத் தேய்க்க வேண்டும், அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் எதுவும் தின்னக் கொடுக்கக் கூடாது. தேய்த்த குச்சியை ஃபேனுக்கு அடியில் நன்றாக உலர்த்திய பிறகுதான் உறைக்குள் போட வேண்டும், ஈரத்தோடு போட்டால் பூஞ்சை பிடித்துவிடும். இந்த உலர்த்தும் விஷயம்தான் முக்கியம், அதைத் தாளின் பின்பக்கம் கடைசி வரியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். தாள் இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் இருந்தது. பாலக்காட்டு விலாசத்துக்கு அனுப்பும்போது தமிழோ மலையாளமோ ஒரு பக்கம் போட்டால் என்ன குறைந்துவிடும்? படம் நன்றாக இருந்தது, அதைப் பார்த்தே சமாளித்துவிடலாம்.

கூரியர்தான் தலைவலி. வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வோம் என்று விளம்பரம், பின்கோடு போட்டால் 'சேவை இல்லை'. கடைசியில் பொள்ளாச்சி போய்க் கொடுத்தேன். கவுன்டரில் இருந்த பையன் உறையைத் தொடாமலேயே "என்னங்கண்ணா, ரத்தமுங்களா?" என்றான். எச்சில்தான் என்றதும் இன்னும் ஓர் அடி தள்ளி நின்றான்.

ரிப்போர்ட் சொன்ன தேதிக்குள் வந்துவிட்டது, அதைக் குறை சொல்ல முடியாது. திறந்ததும் சிவப்பில், கொட்டை எழுத்தில், 'அஃபெக்டட்', அதாவது வியாதி இருக்கிறது என்கிற மாதிரி. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு அழவே ஆரம்பித்துவிட்டாள். இங்கேதான் எனக்குக் கோபம். இந்த டெஸ்ட் பார்ப்பது எஸ்.ஓ.டி.1 என்ற ஜீனில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதா என்பதை மட்டும். அப்பன் வழியில் ஒன்று, ஆத்தா வழியில் ஒன்று என்று இரண்டு பிரதியிலும் அந்த மாற்றம் இருந்தால் வியாதி வரும் வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். இரண்டு பிரதியும் மாறியிருந்தும் கடைசி வரை நன்றாக நடந்து, வேறு எதனாலோ வயதாகிச் செத்துப்போகும் நாய்கள் எத்தனையோ. அமெரிக்காவில் இந்த டெஸ்ட் முடிவுகளைப் பதிவு செய்து வைக்கும் ஓ.எஃப்.ஏ. என்ற அமைப்பு இதையே 'அட் ரிஸ்க்', அதாவது வர வாய்ப்பு உண்டு, என்று எழுதுகிறது. அதுதான் நியாயமான சொல். டி.எம். என்று அடித்துச் சொல்ல வேண்டுமானால் நாய் இறந்த பிறகு தண்டுவடத்தை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும், உயிரோடு இருக்கும்போது மற்றதெல்லாம் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்துதான் சொல்ல முடியும். இந்த விளக்கம் ரிப்போர்ட்டில் இருக்கிறது. நாலாவது பக்கத்தில்.

இனி அந்த 200 ரூபாய். டிக்கை எடுக்காமலே கட்டிவிட்டேன், நல்ல காரியத்துக்குத்தானே என்று. பில்லைப் பார்த்தால் நன்கொடை என்ற சொல்லே இல்லை, 'இதர கட்டணம்' என்று இருக்கிறது. போன் போட்டேன்.

"டொனேஷன் ரிசர்ச் பார்ட்னருக்குப் போகும் சார்."

"யாருங்க அந்தப் பார்ட்னர்?"

"அது இன்டர்னல் சார்."

"வரிச் சலுகைக்கு 80ஜி ரசீது தருவீங்களா?"

"உங்க ஃபீட்பேக்கை நோட் பண்ணிக்கிறேன் சார்."

அந்தப் பெண் மேல் தப்பில்லை, அவருக்குக் கொடுத்ததை அவர் படிக்கிறார். ஆனால் ஆராய்ச்சி என்ற பெயரில் காசு வாங்குகிறவர் எந்த ஆராய்ச்சி, யார் செய்வது, எவ்வளவு போனது என்று மூன்று வரி எழுதக்கூட முடியாதா? அமெரிக்காவில் 1995இல் ஆரம்பித்த ஏ.கே.சி. கேனைன் ஹெல்த் ஃபவுண்டேஷன் நாய் வியாதி ஆராய்ச்சிக்கு மட்டுமே பணம் திரட்டுகிறது. அவர்கள் பக்கத்தில் போய்ப் பாருங்கள், ஒவ்வொரு மானியத்துக்கும் ஒரு நம்பர், எந்த யுனிவர்சிட்டி, யார் பொறுப்பு, எவ்வளவு டாலர், முடிந்ததா நடக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அந்தந்த இனத்து வளர்ப்பவர்களின் கிளப்புகள் தங்கள் இனத்து வியாதிக்கு என்று காசு சேர்த்து அதற்கே ஒதுக்கச் சொல்கின்றன. 1948இல் தொடங்கிய மாரிஸ் அனிமல் ஃபவுண்டேஷனும் இப்படி மானியம் கொடுக்கும் பழைய அமைப்புதான். பணம் கொடுப்பவனுக்கு அது எங்கே போனது என்று தெரியும்.

அதைவிட எனக்கு உறைத்தது வேறு ஒன்று. டி.எம். ஜீனை 2009இல் கண்டுபிடித்தது மிசௌரி யுனிவர்சிட்டியும் பிராட் இன்ஸ்டிட்யூட்டும் சேர்ந்து. 2005இல் டாஷா என்ற பாக்ஸர் நாயின் முழு மரபணுத் தொகுதி வெளிவந்தது, அதற்கு அரசாங்கப் பணம். அது கையில் இருந்ததால், மேற்கொண்டு ஆயிரக்கணக்கில் நாய்கள் தேவைப்படவில்லை. ஓர் இனம் என்பது சில பரம்பரைக்குள்ளேயே திரும்பத் திரும்பப் பெருகியது, ஒரே ஊர்க்காரர்கள் மாதிரி எல்லாருக்குள்ளும் நீளநீளமான துண்டுகள் பொதுவாக இருக்கும், அதனால் வியாதி உள்ள கார்கியும் இல்லாத கார்கியும் சில பத்து இருந்தால் எங்கே வித்தியாசம் என்று பிடித்துவிடலாம். ஆனால் அந்தச் சில பத்து நாய்க்கும் முழு வரலாறு வேண்டும். எந்த வயதில் கால் இழுத்தது, அப்பா அம்மா யார், டாக்டர் என்ன பார்த்தார், செத்த பிறகு தண்டுவடத்தில் என்ன இருந்தது என்று எல்லாமே. சொந்தக்காரர்கள் தங்கள் செல்லத்தை அறுத்துப் பார்க்கச் சம்மதித்ததால்தான் இது நடந்தது. இந்த எஸ்.ஓ.டி.1 மனிதர்களுக்கு வரும் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு வியாதியில் 1993லேயே சிக்கிய அதே ஜீன். அந்த வகை ஏ.எல்.எஸ்.ஸுக்கு டோஃபெர்சென் என்ற மருந்தை அமெரிக்கா 2023இல் அனுமதித்தது. நாய்க்குக் கொடுக்கும் காசு நாயோடு நிற்பதில்லை என்பதற்குச் சொல்கிறேன்.

இந்தக் கம்பெனி என்னிடம் கேட்டது என்ன தெரியுமா? பெயர், வயது, ஆணா பெண்ணா, இனம். இனத்துக்கு நீளமான பட்டியல், அதில் நம்ம ராஜபாளையமும் இல்லை, கோம்பையும் இல்லை, வைத்திருப்பவர்கள் 'மற்றவை' என்று போட்டுக்கொள்ள வேண்டும். கால் இழுக்கிறதா, எப்போதிலிருந்து, கூடப் பிறந்த வேறு குட்டிக்கு இருக்கிறதா என்று ஒரு கேள்விகூட இல்லை. இரண்டு பிரதியும் மாறி, அறிகுறியும் வந்து, டாக்டர் கையால் பரிசோதித்த ஒரு ஷெப்பர்டின் சாம்பிள் அவர்கள் மேஜையில் இருக்கிறது, அதன் கதையைக் கேட்டு எழுதிக்கொள்ள ஆளில்லை. எச்சில் மட்டும் இருந்து என்ன ஆராய்ச்சி செய்வது? ஆராய்ச்சிக்கு நான் கொடுக்கக்கூடியது 200 ரூபாய் இல்லை, சீசரின் பேப்பர் கட்டுதான். அதைத் தருகிறேன் என்று மெயிலும் போட்டேன், 'உங்கள் டிக்கெட் மூடப்பட்டது' என்று பதில் வந்தது.

அப்படியானால் இந்த டெஸ்ட் யாருக்கு? குட்டி போட வைக்கிறவர்களுக்கு. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், மூவாயிரத்துச் சொச்சம் ஒரு குட்டி விலையில் கால்வாசிகூட வராது. பொள்ளாச்சியில் என் மச்சான் ஷெப்பர்ட் வளர்த்து விற்கிறார், அவரிடம் சொன்னதும் "கேரியர்னு வந்துட்டா என் பொழப்பே போச்சுங்க மாமா, கே.சி.ஐ. பேப்பர் இருக்குதுல்ல, அது போதும்" என்றார். கே.சி.ஐ., அதாவது கென்னல் கிளப் ஆஃப் இந்தியா, கொடுக்கும் பேப்பர் அப்பன் பாட்டன் யார் என்று சொல்லும், ஜீனைச் சொல்லாது. கேரியர் என்றால் ஒரு பிரதி மட்டும் மாறிய நாய். அதைக் க்ளியர் நாயோடு, அதாவது இரண்டு பிரதியும் மாறாத நாயோடு, சேர்த்தால் குட்டிகளில் சராசரியாகப் பாதி க்ளியர், பாதி கேரியர், இரண்டு பிரதியும் மாறிய குட்டி ஒன்றுகூட வராது. இரண்டு கேரியரைச் சேர்த்தால்தான் நாலில் ஒன்று மாட்டும். கேரியரை எல்லாம் ஒரேயடியாக ஒதுக்கவும் கூடாது, ஷெப்பர்டில் இந்த மாற்றம் பரவலாக இருப்பதால் மிச்சம் இருக்கும் கொஞ்ச நாய்க்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து வேறு வியாதியை இழுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் கம்பி முடி மினியேச்சர் டாக்ஸ்ஹூண்டுக்கு லாஃபோரா என்ற வலிப்பு வியாதி இருந்தது, வெளிச்சம் பளிச்சென்று அடித்தால் உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். 2005இல் ஜீன் தெரிந்தது, டெஸ்ட் வந்தது, வளர்ப்பவர்கள் பார்த்துப் பார்த்து ஜோடி சேர்த்தார்கள், வியாதி வரக்கூடிய குட்டிகள் பெருமளவு குறைந்தன. மச்சான் இப்போது யோசிக்கிறேன் என்கிறார். யோசிக்கட்டும்.

ஏற்கனவே கால் இழுக்கும் நாய் வைத்திருப்பவர்கள் முதலில் காசைப் பரிசோதனையில் போடுங்கள், டிஸ்க் பிரச்சினையாக இருந்தால் அதற்கு வைத்தியம் உண்டு. ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு டி.எம்.தான் என்று கைவிட்டுவிடாதீர்கள். டி.எம்.மே என்றாலும் சும்மா கட்டிப்போடக் கூடாது. 2006இல் வந்த ஓர் ஆய்வில் தினமும் நன்றாகப் பிசியோதெரபி கொடுத்த நாய்கள் சராசரியாக 255 நாள் தாக்குப்பிடித்தன, எதுவுமே கொடுக்காதவை 55 நாள். பார்த்தது வெறும் 22 நாயை, அதனால் அப்படியே வாய்ப்பாடு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனாலும் செலவில்லாத வைத்தியம். சீசரைக் காலையும் மாலையும் தோப்பு மண்ணில் மெதுவாக நடத்துகிறோம், வீட்டுக்குள் மாட்டுக் கொட்டகைக்குப் போடும் ரப்பர் மேட்டை வாங்கி விரித்துவிட்டோம். இந்த மேட்டுக்கு 5க்கு 5. வழுக்கல் நின்றது, நகமும் ஆறிக்கொண்டு வருகிறது.

கிட் வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஒரே நேரத்தில் மூன்று நாய்க்கு மேல் அனுப்பினால் விலை குறைக்கிறார்கள், தளத்தில் எங்கேயும் போடவில்லை, போனில் கேட்டால்தான் சொல்வார்கள். பணம் கட்டும்போது கடைசிக் கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். அந்த 200க்கு உலர்த்தி வைக்க ஒரு நல்ல காகித உறையும், பொள்ளாச்சிக்குப் பஸ்ஸும், திரும்பி வரும்போது ஒரு டீயும் ஆகும்.